மணி கேட்கும் மேடு

கோயில் மணி காதில் விழும் தூரத்துக்குள்தான் கிறிஸ்தவர் குடியிருக்க வேண்டும் என்பது ஸ்பானியச் சாமியாரின் ஆணை. அதற்கு அப்பால் இருப்பவர் காட்டுக்கு ஓடிப்போனவராம். அவர் வீட்டைப் பிரித்துவிடலாம். ஸ்பானியர் ஆண்ட பனாய் தீவின் அந்த ஊரில் நடுவே சதுக்கமும், அதன் தலைமாட்டில் கோயிலும், அதைச் சுற்றி நூல் பிடித்த தெருக்களும் அப்படித்தான் உருவாயின.

தமியானாவின் மூங்கில் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், வயலின் கோடியில் இருந்தது. கணவனைக் காய்ச்சல் கொண்டுபோனபின் அவளுக்கு எஞ்சியது அந்த வயலும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். ஊருக்குள் அவளுக்கு ஒதுக்கிய இடம் கடைசித் தெருவில், சதுப்பு ஓரம். அங்கே குடிபோனால், அறுவடைக்குள் காட்டுப்பன்றிகள் வயலை அழித்துவிடும்.

அந்தத் தெருக்களுக்குக் கபேசா, அதாவது தலைவன், மக்காரியோ.

"வயலைப் பத்தி உனக்கென்ன கவலை? என் மச்சான் பாத்துக்குவான்."

"பன்னிகிட்டேருந்து காப்பாத்திடுவேன் கபேசா. உங்க மச்சான்கிட்டேருந்து எப்படிக் காப்பாத்துறது?"

அவன் முகம் கறுத்தது. சனிக்கிழமை உச்சி மணிக்குத் தானே வந்து நிற்பதாகவும், தன் காதில் மணி விழாவிட்டால் அன்றே வீட்டைப் பிரிப்பதாகவும் சொல்லிப் போனான்.

தமியானா அழவில்லை. அழுதால் மணி கேட்குமா? மூன்று நாள், காலை, உச்சி, மாலை மணிக்கெல்லாம் வரப்பு வரப்பாக நின்று காது கொடுத்தாள். வீட்டருகே எதுவும் கேட்கவில்லை. வயலின் மறுகோடியில், பலாமரத்து மேட்டில் மட்டும் கொசு ரீங்காரம் போல ஓசை வந்து தொட்டது.

வெள்ளிக்கிழமை அவள் கேட்டு வந்த ஊர் ஆண்கள் இருபது பேர் வீட்டுக்கு அடியில் மூங்கில்களைக் கட்டி, வீட்டை அப்படியே தோளில் தூக்கி அந்த மேட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் ஒரு மூங்கில் பிளந்து வீடு சாய்ந்தது. தமியானா ஓடிப்போய்த் தன் தோளைக் கொடுத்தாள். பெண்கள் தூக்குவதில்லை என்று ஒருவர் தடுத்தார்.

"வீடு என்னோடதுதானே அண்ணே? நடங்க."

அன்று எல்லோருக்கும் கோழியும் பச்சைப் பப்பாளியும் போட்ட குழம்பு.

சனிக்கிழமை மக்காரியோ வந்தான். வீடு இடம் மாறியது கண்டு எரிச்சலோடு சிரித்தான்.

"வீடு நடந்து வந்துட்டா மணியும் நடந்து வந்துடுமா? எனக்குக் கேக்காது, பாத்துக்க."

தூக்கிய இருபது பேரும் சுற்றி நின்றார்கள். காற்று திசை மாறிவிடுமோ என்று அவள் பலாமரத்து இலைகளையே பார்த்தாள். சூரியன் உச்சிக்கு வந்தது. தொலைவில், கேட்டும் கேட்காத ஒரு மெல்லிய ஓசை.

மக்காரியோவின் கை எழுந்தது. ஐந்து வயதிலிருந்து, மணி கேட்டதும் ஜெபத்துக்காகத் தினம் மூன்று முறை எழுந்து பழகிய கை. யாரையும் கேட்காமல் தொப்பியைக் கழற்றியது. உதடுகள் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியும் விட்டன. பாதியில்தான் அவனுக்கு உறைத்தது. ஜெபத்தை நடுவில் நிறுத்துவது பாவம். இருபது பேரும் முழங்காலில் நின்று அவனையே பார்க்க, முழுவதும் சொல்லி முடித்தான்.

"ஏன் கபேசா தொப்பியைக் கழட்டுனீங்க?" என்றாள் தமியானா.

"வெயிலு."

"வெயிலுக்குத் தொப்பியைக் கழட்டுற ஆளை இப்பதான் பாக்குறேன்."

சிரிப்பு அடங்குமுன் அவன் ஆற்றைத் தாண்டியிருந்தான். மணி கேட்கிறது என்றே சாமியாரிடம் சொன்னான். இருபது சாட்சிகளை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

இருபத்தாறு வருடம் அவள் அந்த மேட்டில் வாழ்ந்தாள். மழைக்காலத்தில் காற்று திரும்பி மணி வந்து சேராத நாட்களிலும், பலாமரத்தின் நிழலைப் பார்த்துச் சரியாக உச்சியில் முழங்காலில் நிற்பாள். ஆற்றங்கரையில் போகிற எவர் கண்ணிலும் படும்படியாக.