டேப்புக்கு வெளியே நின்ற டெல்மர்

டெல்மர் ஓஸ்ட்ரம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் முப்பது வருடம் சோளம் விதைத்தவர். அதே முப்பது வருடம் தன் வட்டாரக் கட்சிக் கூட்டத்துக்குத் தலைவர். தன் மூளையைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. ஊரில் வேறு யாருக்கும் அந்த அபிப்பிராயம் இருந்ததாகத் தகவல் இல்லை.

அவருக்கு ஒரே ஆசை, அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் தேசிய மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போக வேண்டும். அதற்கு முதல் படி, காகஸ் அன்று, அதாவது கட்சிக்காரர்கள் அவரவருக்குப் பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் நின்று தலை எண்ணும் நாளில், தான் நிற்கும் மூலையிலிருந்து தேர்வாக வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்து, அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போய்விட வேண்டும். இந்த முறை கட்சியின் மாவட்ட அலுவலகத்திலிருந்தே போன் வந்தது.

"வேட்பாளரா நிக்கிறானே, அந்த டயர் கம்பெனிக்காரன், அவன் கட்சியில சேர்ந்தே ஆறு மாசந்தான் ஆச்சு. அவன் மூலையில நூத்துக்குப் பதினைஞ்சு பேர் சேரக்கூடாது, கலைஞ்சிடணும். நம்ம வேட்பாளர் செனட்டர்தான், அவரைக் கரையேத்து, உன்னை மேல அனுப்புறோம்."

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் நான்கு மூலைகளிலும் நீல டேப் ஒட்டினார் டெல்மர். டயர்காரரின் ஆட்கள் ஓரிடத்தில் நிற்காதவர்கள், பாதிப் பேர் புகைக்க வெளியே போய்விடுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. மைக்கைப் பிடித்தார்.

"எண்ணுறப்போ டேப்புக்கு உள்ள நிக்கிறவங்கதான் கணக்கு. காபிக்குப் போனேன், கழிப்பறைக்குப் போனேன்னு யாரும் வந்து கெஞ்சாதீங்க."

நூறு பேர் வந்திருந்தார்கள். கையில் அட்டையோடு நடுவில் நின்று அவரே எண்ணினார். டயர்காரருக்கு முப்பத்தொன்று. பன்றிப் பண்ணை வைத்திருக்கும் கார்லா நைகார்ட், அந்த மூலையிலிருந்து ஒருவரும் நகராதபடி இலவங்கப்பட்டை ரொட்டி கொடுத்து நிறுத்தி வைத்திருந்தாள். மற்ற இரண்டு மூலைகளும் நிரம்பியிருந்தன. செனட்டருக்குப் பதினான்கு.

"பதினைஞ்சு," என்றார் டெல்மர். "என்னையும் சேர்த்துக்கணும்ல."

"நீங்க எங்க நிக்கிறீங்க டெல்மர்?" என்றாள் கார்லா.

அவர் குனிந்து பார்த்தார். டேப் பத்தடி தள்ளி இருந்தது. கூடமே சிரித்தது. செனட்டரின் மூலையில் நின்ற அவர் மனைவி லவோனும் சிரித்தாள், அதுதான் வலித்தது.

செனட்டரின் மூலை கலைந்தது. லவோன் நேராக ரொட்டி இருந்த பக்கம் போனாள். வேறு வழியில்லாமல் அவரும் பின்னாலேயே போனார். பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்ததும், வெட்கத்தை விட்டுக் கையைத் தூக்கினார்.

கார்லா அன்பாகத்தான் சொன்னாள். "நீங்க வந்து பத்து நிமிஷம்கூட ஆகல டெல்மர். கொஞ்ச நாள் கூட இருங்க, முதல்ல உங்களைத் தெரிஞ்சுக்கறோம்."

கட்சிக்குப் புதிதாக வந்த எத்தனையோ பேரை அவர் இதே பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. டெல்மர் கையை இறக்கிக்கொண்டு, நாற்காலிகளை மடக்கி அடுக்கப் போனார்.