மீன் ஐஸில் கிடந்த உள்ளி

கனடாவில் இருக்கும் மச்சான் காலையில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். கையில் ஒரு பிடி உள்ளி. நீங்கள் பூண்டு என்பீர்கள், எங்களுக்கு உள்ளிதான். நடுவில் தடித்த தண்டு, அதைச் சுற்றிப் பல்லெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து மாதம் பனிக்குள் புதைந்து கிடந்து விளைந்ததாம். இங்கே இருந்த காலத்தில் மண்வெட்டிக்கு எந்தப் பக்கம் பிடி என்று தெரியாத மனிதர். நல்லாயிருக்கட்டும். ஆனால் அந்தத் தண்டைக் கண்டதும் எனக்கு மூக்கில் மீன் ஐஸ் மணத்தது.

அப்போது நான் புதிதாக வேலைக்கு வந்த விவசாயப் போதனாசிரியர். வெங்காயம் நட்டே நரைத்தவர்களுக்குப் போதிக்கப் போனவன், துணிச்சலைப் பாருங்கள். எங்கள் கந்தோருக்கு, அதுதான் அலுவலகத்துக்கு, வெளிநாட்டிலிருந்து இந்த இன உள்ளி இரண்டு மூட்டை வந்தது. கூடவே ஒரு சின்னப் புத்தகம்: குளிர் படாவிட்டால் பல் வைக்காது, குளிர் பட்டபின் சூடு காட்டக்கூடாது. கேட்டவர்களெல்லாம் நழுவினார்கள். கந்தையா அண்ணை மட்டும் ஓம் என்றார். அவருக்கு இருந்ததே இரண்டு பரப்புக் காணி. அதில் தகப்பன் காலத்திலிருந்து விதை மாறாமல் வந்த சின்ன வெங்காயம். ஒரு போகம் நடாமல் விட்டால் அந்த விதை அத்தோடு சரி. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நீங்கள் படிச்ச ஆள். சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று, இருந்த விதை வெங்காயம் முழுவதையும் சமையலுக்கென்று சந்தையில் விற்றுவிட்டார்.

குளிருக்கு எங்கே போவது? குருநகர்க் கடற்கரையில், படகுகள் வைத்து மீன்பிடி நடத்தும் ஒரு சம்மாட்டியாருடைய ஐஸ் அறையில், பாரை மீனுக்குப் பக்கத்தில், மூட்டைகளை இரண்டு மாதம் வைத்தேன். ஊர் சும்மா விடுமா? பனி கொட்டத் துவங்கிவிட்டதா என்று கோயில் வாசலிலும் கந்தையா அண்ணையைக் கேட்டார்கள். மனுஷன் சிரித்துச் சமாளித்தார்.

தை பிறந்ததும் மூட்டையைப் பிரித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீவிர சைவம். மீன், இறைச்சியை எங்கள் பக்கம் மச்சம் என்போம்.

"தம்பி, மச்சம் பட்ட சாமானை அப்பிடியே தோட்டத்துக்கை இறக்கேலாது. மஞ்சள் தண்ணியிலை கழுவி ஒரு கிழமை வெயிலிலை போடுவம். பிழையில்லைத்தானே?"

பிழைதான். புத்தகம் என் பையிலேயே இருந்தது. ஆனால் கதையைக் கேளுங்கள்: மூன்று மாதமாக நானும் சுத்த சைவம் என்று சொல்லி அவர் வீட்டில் மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டுக் கத்தரிக்காய்ப் பால்கறி அப்படி. மீன் மணத்துக்குப் பரிந்து பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

"ஒரு பிழையுமில்லை அண்ணை" என்றேன்.

தகரத்தின்மேல் ஏழு நாள் காய்ந்தது. நட்டபின் தழை என்னவோ புல்லுப்போலச் செழித்தது. பிடுங்கினால், ஒவ்வொன்றிலும் ஒரேயொரு உருண்டை, பிள்ளைகள் விளையாடும் போளையளவு. பல்லே இல்லை. கந்தோரில் அறிக்கை கேட்டார்கள். 'விவசாயியின் கவனயீனம்' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

"என்ன எழுதினனீங்கள் தம்பி?"

"குளிர் காணாமல் போச்சு எண்டு, அண்ணை."

நம்பினார். அதற்குப் பிறகு யாராவது என்னை நக்கலடித்தால், தம்பியில் பிழையில்லை, அந்த வருஷம் குளிர் போதவில்லை என்று எனக்காகச் சண்டைக்கே போனார். சாகும்வரை விதை வெங்காயத்தைக் கடையில்தான் வாங்கினார். எனக்குப் பதவி உயர்வு வந்தது, வெட்கமில்லாமல் போய் உட்கார்ந்தேன். அவருடைய சின்ன வெங்காயம் இப்போது ஊரில் ஒருவரிடமும் இல்லை. நான் எழுதிய அறிக்கை மட்டும் எங்காவது ஓர் அலுமாரியில் பத்திரமாக இருக்கும்.