கரிச்சானுக்கு இருமத் தெரியாது

தேயிலைத் தோட்ட வேலையே வேண்டாமென்று மூணாறில் நாங்கள் குடியிருந்த கூலிக் குடியிருப்பான லயத்தைவிட்டுக் காந்தலூர் நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் அப்பாவின் விசில் கேட்டது. ஐம்பதுகளில் நடந்தது; இப்போது இடிந்துபோன அந்த லயத்தின் பின்னாலிருந்த மரத்தில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. பூனையைப்போலக் கத்தும், கோழிக்குஞ்சைப்போல அழும், என்னைச் சோற்றுக்குக் கூப்பிடும் அப்பாவின் விசிலையும் அப்படியே அடிக்கும். நானும் ஒவ்வொரு முறையும் ஏமாந்து ஓடிவருவேன்.

"ஏலேய், உங்கப்பன் இன்னும் மலையவிட்டு எறங்கலடா, குருவிக்குப் பொறந்தவனே!" என்று அம்மா சிரிப்பாள்.

அன்றும் குருவிதான் என்று சொல்லிக்கொண்டேன். விசிலைத் தொடர்ந்து இருமல் கேட்டது. திரும்பாமல் நடையை எட்டிப்போட்டேன்.

மறுநாள் காலை காந்தலூரில் ராகிக் காட்டுக்காரர், "குருவி வெரட்டணும். வாயில விசில் வருமாடா?" என்றார். அடித்துக் காட்டினேன். அப்பாவின் விசில்தான் வந்தது. வேலை கொடுத்தார்.