எல்லை கோம்பு வலம் போன கதை

செங்லுங் ஊருக்கு யார் வந்தாலும் மடாலயத்தைக் காட்டுவார்கள், ராணுவ முகாம் வாசலில் நிற்கும் பழைய பீரங்கியைக் காட்டுவார்கள், பிறகு கோம்புவைக் காட்டுவார்கள். மடாலயம் பாதி நாள் பூட்டியிருக்கும். பீரங்கி துருப்பிடித்துக் கிடக்கும். கோம்பு மட்டும் எந்நேரமும் தயாராக இருப்பார்.

"நம்ம எல்லையைப் போட்டவர் இவர்தான்" என்று முகாம் கேப்டன் அறிமுகம் செய்ததும் கோம்பு லேசாகத் தொண்டையைச் செருமுவார். யாக் மாட்டு மயிரில் செய்த தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைப்பார். அதன் நான்கு வால்களையும் ஒழுங்காகத் தொங்கவிட்ட பிறகுதான் கதை ஆரம்பமாகும். அந்தக் கதை அவரோடு சேர்ந்தே வளர்ந்தது. முதலில் சர்வே அதிகாரிக்கு வழி மட்டும் காட்டினார். சில வருஷம் கழித்து, அதிகாரி அவரிடம் யோசனை கேட்டார். சமீபத்திய பதிப்பில் வரைபடத்தில் பென்சில் பிடித்ததே கோம்புதான். கேட்பவர்கள் காதில் பூச்சுற்ற அவருக்குக் கூச்சமே கிடையாது. சுதந்திர தினத்தன்று முகாம் மைதானத்தில் முதல் வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி. உட்கார்ந்தவுடன் சால்வை.

நடந்தது என்னவென்று ஊருக்குத் தெரியும்.

ஊருக்கு மேலே கணவாயில் சோர்ட்டன் என்னும் வெள்ளை ஸ்தூபி ஒன்று நிற்கிறது. உள்ளே எந்த மகானின் எலும்பு இருக்கிறது என்பதில் லாமாக்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை. ஆனால் அதை எப்படிச் சுற்றுவது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சோர்ட்டன் எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். மேலே ஏறும்போது அதன் மேற்குப் பக்கமாகப் போவார்கள். அப்படியே தலைமாட்டைச் சுற்றிக் கிழக்குப் பக்கமாக இறங்கி வருவார்கள். கிழக்கே இறங்குகிற இடத்தில்தான் அந்தப் பெரிய புல்வெளி. கோடையில் யாக்குகளை மேற்கே ஏற்றி, கிழக்கே மேயவிட்டு, பனி விழுமுன் வீட்டுக்கு ஓட்டி வருவார்கள். புண்ணியமும் கிடைக்கும், புல்லும் கிடைக்கும்.

எல்லை அளக்க வந்த வருஷம் கோம்புவுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. சமவெளியிலிருந்து வந்த சர்வே அதிகாரியின் குதிரையைப் பிடித்துக்கொண்டு கணவாய்க்கு ஏறினான். மேலே போனதும் மூச்சிரைக்க அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் ஊர்க்காரர்கள் சோர்ட்டனுக்கு எந்தப் பக்கமாகப் போவார்கள்? கோம்பு மேற்கைக் காட்டி, இந்தப் பக்கமாகத்தான் என்றான். அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் போல் பொய் கலக்காமல் சொன்னான். அதிகாரி சோர்ட்டனின் கிழக்குச் சுவரை ஒட்டிக் கோடு போட்டுவிட்டார். போகிற வழி நமக்கு வந்தது. வருகிற வழியும் புல்வெளியும் தகராறுக்குப் போய்ச் சேர்ந்தன. எதிர்ப்பக்கத்துக்காரர்கள் அதைத் தங்களுடையது என்றார்கள். நம்மவர்கள் பேச்சுவார்த்தை முடியும்வரை யாரும் போகக் கூடாது என்றார்கள். பேச்சுவார்த்தை நடத்தப் போனவர்களின் பேரன்கள் இப்போது பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள்.

சோர்ட்டனின் கிழக்கே சாயம் பூசிய கற்களை நட்டு, காவல் போட்டார்கள். பாதி சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பினால் பாவம். அதனால் ஊரார் மேலே போவதையே விட்டுவிட்டு, கீழே நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள். யாக்குகளால் அப்படிக் கும்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொள்ள முடியவில்லை. ஊரைச் சுற்றியிருந்த முட்புதரைத் தின்று எலும்பும் தோலுமாயின. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கத்திக் கெடுத்தது ஊரை. தனக்கு ஒரு நாற்காலி சம்பாதித்துக்கொண்டது.

கோம்புவின் மனைவி திரேமாவுக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே ஆகாது. அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்த மந்தை வருஷா வருஷம் கரைந்துகொண்டிருந்தது. புருஷன் சால்வை போர்த்திக்கொண்டு வரும்போதெல்லாம் அதை வாங்கி, நோஞ்சான் கன்றுகளுக்குப் போர்த்துவாள். போன குளிரில், கடைசியாகப் பிறந்த பெண்கன்று பாலில்லாமல் அவள் மடியிலேயே செத்தது. கோம்பு ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க பேசினவரைக்கும் போதும், பெமாவோட அப்பா" என்றாள். பெமா அவர்களுடைய மகள். கட்டிக்கொடுத்து வேறு பள்ளத்தாக்கில் இருக்கிறாள். அதன் பிறகு ரொம்ப நாள் அந்த வீட்டில் வெண்ணெய்த் தேநீரை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பனி உருகியதும் தலைநகரிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. அடுத்த சுற்றுப் பேச்சுக்கு முன்னால் எல்லைக்கோடு சரிதான் என்று உள்ளூர்ச் சாட்சி வேண்டுமாம். கேப்டன் கோம்புவைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார். ஒரு கேள்வி, ஒரு பதில். எந்தப் பக்கம் போவீர்கள்? இந்தப் பக்கம். அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. பென்சில் கதையும் வேண்டாம். கோம்புவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும், குழுத்தலைவர் கையால் பதக்கம் கிடைக்கும் என்றதும் வருத்தம் போன இடம் தெரியவில்லை.

குழு வந்தது. கணவாயில் மூன்று பேருக்கு ஆக்சிஜன் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் தேநீர்க் குடுவைகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். அவர்களில் திரேமாவும் இருந்தாள். கோம்பு புதுச் சால்வையில் கல்யாண மாப்பிள்ளை போல் நின்றார். குழுத்தலைவர் கேட்டார். கோம்பு மேற்கே கையைக் காட்டி, "இந்தப் பக்கமாத்தான் போவோம், சாப்" என்றார். தலைவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். கேப்டனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தலைவரின் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த திரேமா நிமிராமலே கேட்டாள்.

"போறது சரி. வர்றது?"

கேப்டன் கோம்புவை முறைத்தார். இவளுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லிவிட்டால் போதும், பதக்கம் நெஞ்சில் ஏறிவிடும். சொல்லத்தான் வாயெடுத்தார் கோம்பு. திரேமாவின் மேலங்கியின் மடிப்பக்கம் கண்ணில் பட்டது. கன்று செத்த அன்று பட்ட கறை அதில் போகாமல் இருந்தது. அவளிடம் மாற்று அங்கி இல்லாமல் இல்லை. அதை வேண்டுமென்றே உடுத்தி வந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவருக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

"வர்றது அந்தப் பக்கம், சாப்" என்றார். "அந்தப் புல்வெளி வழியா. சோர்ட்டனை இடது கைப்பக்கம் விட்டு எங்க ஊர்ல நாய்கூட வராது."

"அப்புறம் அன்னிக்கே ஏன்யா சொல்லல?" என்றார் தலைவர்.

"அந்த சர்வே சாப் போகும்போதுதான் கேட்டாரு. வரும்போது கேட்கல."

"அவர் எந்த வழியா வந்தார்?"

"புல்வெளி வழியாத்தான். குதிரைமேல நல்லாத் தூங்கிட்டு வந்தாரு. எழுப்ப மனசு வரல."

பெண்கள் குடுவைகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். குழுத்தலைவர் சிரிக்கவில்லை. போட்ட கோட்டை அழிக்க முடியாது, சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். முழுப் புல்வெளியை ஒரு பென்சில் கோட்டுக்குள் மறைத்தவர்கள் இவர்கள்தான். பதக்கம் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போனது. கேப்டன் கோம்புவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கோம்பு அடுப்படியில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லியும் ஒரு புல்கூடக் கிடைக்கவில்லை என்று புலம்பினார். திரேமா அவருக்கு ஒரு கிண்ணம் ஆரா சாராயம் ஊற்றிக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் ஊற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

"அவங்க கோட்டை அழிக்க வேணாம். நாம வலம் போவோம். வலம் போறதுக்கு யாருகிட்ட கேக்கணும்?"

மறுநாள் காலையில் இருவரும் மிச்சமிருந்த யாக்குகளை ஓட்டிக்கொண்டு கணவாய்க்கு ஏறினார்கள். பின்னாலேயே ஊரில் பாதிப் பேரின் மந்தைகளும் வந்தன. சோர்ட்டன் அருகே காவலுக்கு நின்றவர் சிக்கிமிலிருந்து வந்த ஒரு ஹவில்தார். கையில் துப்பாக்கி, மணிக்கட்டில் ஜபமாலை. தலைமாட்டைத் தாண்டிக் கிழக்கே திரும்புகிற இடத்தில் வழிமறித்து, இதற்கு மேல் போகக் கூடாது என்றார்.

"சரிப்பா" என்றாள் திரேமா. "பாதி சுத்தியாச்சு. நீயே எங்களைத் திருப்பி விடு. பாவம் உன் கணக்குல."

ஹவில்தார் சோர்ட்டனைப் பார்த்தார். மந்தையைப் பார்த்தார். அவரும் பௌத்த வீட்டுப் பிள்ளை. ஊரில் தாய் இருக்கிறாள், கேள்விப்பட்டால் சோறு போடமாட்டாள். மாலையை இரண்டு மணி உருட்டினார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எங்களுக்கு ஒரு நிமிஷம்" என்றார் கோம்பு. "யாக்தான் மெதுவா வலம் வரும். நடுவுல பசிச்சா நின்னுக்கும். அதை அதட்டக் கூடாது."

ஹவில்தார் பின்பக்கம் திரும்பி நின்றுகொண்டு சத்தமாக மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். யாக்குகள் சாயம் பூசிய கற்களைத் தாண்டிப் புல்வெளியில் இறங்கின. முதல் வாய்ப் புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டதும் கோம்பு அழுதுவிட்டார். பிறகு கண்ணில் தூசி என்றார்.

எதிர்ப்பக்கத்துக்காரர்கள் ஒருநாள் வந்து பாறையொன்றில் சிவப்பு எழுத்தில் எதையோ எழுதிவிட்டு, கூடாரத்தில் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். யாக்குகளுக்கு அந்தப் பாறை சொறிந்துகொள்ள வசதியாக இருந்தது. ஆடி முடியுமுன் எழுத்து முழுவதும் போய்விட்டது.

சுதந்திர தினத்துக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எல்லையைப் போட்ட கிழவரைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு, அதன்மேல் சால்வையையும் மடித்து வைத்திருந்தார். கொடி ஏறியது. பாட்டு முடிந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது. பெரிய அதிகாரி திரும்பி, பின்வரிசையில் நின்ற ஊர்க்காரர்களிடம் கோம்பு எங்கே என்று கேட்டார்.

டீக்கடை நவாங் தொப்பியைக் கழற்றி மரியாதையாகச் சொன்னான்.

"சோர்ட்டனை வலம் வரப் போயிருக்காரு, சாப். இன்னும் முடியல."