அம்மாடி என்பது என் பேர்

எங்கள் வீட்டில் 'அம்மாடி' என்றால் அது நான்தான். சிராங்கூன் சாலையில் எருமை வைத்துப் பால் கறந்து விற்ற என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு நான் வெறும் 'ஏ புள்ள'. அடுத்த வீட்டுக் குட்டியைத் தாத்தா வாய்தவறி ஒருநாள் 'அம்மாடி' என்றதற்கே ராத்திரி சோறு வேண்டாமென்று குப்புறக் கிடந்தவள் நான்.

அம்மாவை அவர் எப்படியுமே கூப்பிடுவதில்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, அவரைக் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்தவள் அம்மா. வந்த நாளிலிருந்து அவளோடு அவருக்குப் பேச்சில்லை. அவள் செம்போடு எதிரிலேயே நிற்பாள். அவர் என்னைப் பார்த்து, "தண்ணி வேணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். நானும் சொல்வேன். நான் இல்லாவிட்டால் இந்த வீடே நடக்காது என்று எனக்கு ஒரே தலைக்கனம்.

ஒரு மழைநாளில் தாத்தா கொட்டிலில் சாணியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. நாட்டுக்கட்டுக்கு அடங்காமல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தொடையைத் திறந்து எலும்பில் இரும்புத் தகடு வைத்து ஆணி முடுக்க வேண்டும், இந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்குவாரா என்பதுதான் பயம் என்று வெள்ளைக்கார டாக்டர் சொன்னாராம். அங்கே மருந்து கட்டும் யாழ்ப்பாணத்து டிரசர் எங்களுக்கு அதைத் தமிழில் சொன்னார்.

"தகடு அடிக்க நான் என்ன மாட்டுக்கொட்டகையா?" என்று தாத்தா கத்தினார்.

அம்மா முன்னால் வந்தாள். "மாமா, நீங்க படுத்தே கிடந்தா எல்லாத்தையும் நான் அள்ளிப் போடுவேன். எனக்கு அது பெரிசில்ல. நீங்க தாங்குவீங்களா?"

தாத்தா என் பக்கம் திரும்பினார். "சரின்னு சொல்லு."

"சரியாம்" என்றேன், பக்கத்திலேயே நின்ற அம்மாவிடம்.

அறுவை நடந்த அன்று அம்மா எருமைகளோடு வீட்டில் இருந்தாள். நான் அழுது அடம்பிடித்து அப்பாவோடு போயிருந்தேன். எல்லாம் முடிந்ததும் டிரசர் வெளியே வந்து, "காலை இழுத்து நீட்டிக் கட்டியாச்சு, இனிப் பயமில்லை" என்றார். எட்டிப் பார்த்தேன். கட்டில் முனையில் ஒரு கப்பி. அதில் ஓடிய கயிற்றின் ஒரு நுனி தாத்தாவின் காலில், மறுநுனியில் மணல்மூட்டை. அம்மாவிடம் போய்ச் சொல்லென்று அப்பா என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார். இது எனக்கே உரிய வேலையாயிற்றே! வாசலில் இறங்கும்போதே கூவினேன்.

"அம்மா! தாத்தா காலை நீட்டிட்டாங்க!"

கிழவர்கள் செத்துப்போனால் எங்கள் ஆட்கள் சொல்வதும் இதையேதான். எனக்கெங்கே தெரியும்? அம்மா பால்சட்டியைக் கீழே போட்டாள். தலைவிரிகோலமாக அதே ரிக்‌ஷாவில் ஏறி, மார்பில் அடித்துக்கொண்டே வந்தாள். மணல்மூட்டை, கப்பி என்று நான் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவேயில்லை. எனக்கு அம்மை போட்டபோதுகூட இவள் இப்படி அழவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

வார்டுக்குள் ஓடி, தாத்தாவின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தைகூடப் பேசாமலே போயிட்டீங்களே மாமா!"

மயக்கம் தெளியாத கண்கள் மெல்லத் திறந்தன. "அம்மாடி..."

"இதோ இருக்கேன் தாத்தா!" நான் இடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"நீ இல்ல, தள்ளு." அவர் கை அம்மாவின் பக்கம் நீண்டது. "அம்மாடி, அழாத. நான் எங்கயும் போகல."

எனக்கு வந்ததே ஆத்திரம்! அந்த மணல்மூட்டையை எட்டி உதைக்கலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு நடந்து திரும்பும்போதும் அம்மாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "தாத்தாதான் சாகலையே, இன்னும் எதுக்கு அழுகிறே?" என்று சிடுசிடுத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணுமில்ல புள்ள."

ஒன்றுமில்லையாம்! என் பேரைப் பிடுங்கிக்கொண்டவளுக்கு ஒன்றுமில்லையாம்! கையை உதறிவிட்டு முன்னால் நடந்தேன். பின்னால் அவள், "அம்மாடி" என்று மெல்லச் சொல்வது கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அம்மாடி." என்னைச் சமாதானம் செய்யத்தான் கூப்பிடுகிறாளாக்கும் என்று நான் வீம்புக்குத் திரும்பியே பார்க்கவில்லை. அவள் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.