போதும் என்று சொல்ல ஒருவர்

என் மனைவி ஸ்டெல்லாவின் தலையில் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். போன வருடம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். நல்ல வெயில். மண்டை ஓடு வெடித்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் கேட்கிறது.

சகோதரங்களே, பூசை முடியுமுன்னே வெளியே போய்விடுகிற ஆள் நான் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு முன்னால் வந்து நிற்கிறேன் என்றால், கடவுள் எனக்குச் செய்ததை மறைத்து வைத்திருக்க முடியாமல்தான்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் இந்தப் பீலெஃபெல்ட் நகரத்து ஓரத்தில், மூன்று மாடிக் கட்டிடங்கள் நடுவில் ஒரு முற்றம். துப்புரவு வேலை, பொதி கட்டும் வேலை, என்னைப்போல இறைச்சித் தொழிற்சாலை வேலை செய்கிற சனம். தமிழரும், பெரு, கொலம்பியா பக்கத்து ஸ்பானிய மொழிக்காரரும்தான் அதிகம். நான் மன்னார். எங்கள் கடல் பாரை மீனுக்கு நிகர் இல்லை என்பேன். மேல்மாடி ரோசா பெரு நாட்டுக் கடற்கரைக்காரி. தன் ஊர் மீனைத் தின்னாதவன் மீனே தின்னாதவன் என்பாள். படிக்கட்டில் எங்கள் இருவருக்கும் அரைகுறை ஜெர்மனில் நடக்கும் ஊர்ச்சண்டை எல்லா மாடிக்கும் கேட்கும்.

அந்த முற்றத்தைப் போதைப்பொருள் விற்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கீழே இறங்க முடியவில்லை. வாடகை வாங்குகிற வீட்டுக் கம்பனி எங்கள் கடிதம் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ரோசாதான் வீடு வீடாக மணி அடித்தாள். "ஆளுக்கொரு கதிரை கொண்டுவாருங்கள். முற்றத்தில் இருப்போம். வேறொன்றும் செய்ய வேண்டாம்" என்றாள்.

அவ்வளவுதான் எங்கள் போராட்டம். பின்னேரம் மூன்று மணிக்குக் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தோம். எங்கள் ஆட்கள் ரோல்ஸ் பொரித்து இறக்கினார்கள். ஸ்பானிய மொழிக்காரர் பாட்டுப் போட்டார்கள். விற்கிறவனுக்கு நிற்க இடமில்லை. இரண்டு மாதத்தில் பிள்ளைகள் பந்தோடு கீழே வந்தார்கள். "எங்கட முற்றம்" என்று சனம் வாய் நிறையச் சொன்னது.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை. முகமூடி போட்ட ஐந்து பேர், கையில் கம்பிகள். ரோசாவின் கையை முறித்தார்கள். ஸ்டெல்லாவை அடித்தவனின் முகமூடி விலகிவிட்டது. புருவத்தில் வெட்டுத் தழும்பு. எந்த நாட்டான் என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். அப்படிப்பட்டவன் எல்லா நாட்டிலும் இருக்கிறான்.

ஆஸ்பத்திரி வாசலில் செபமாலையோடு நின்று இரண்டு வேண்டுதல் வைத்தேன். ஒன்று, ஸ்டெல்லா பிழைக்க வேண்டும். மற்றது, அந்தப் புருவ வெட்டுக்காரன் ஒருநாள் என் காலடியில் கிடக்க வேண்டும். இரண்டாவதைத்தான் கூடுதலாகக் கேட்டேன். சாட்சி சொல்ல வந்து பொய் சொல்லக் கூடாது.

ஒன்பதாம் நாள் ஸ்டெல்லா கண் திறந்தாள். நான் விம்மி விம்மி அழுகிறேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "கதிரையளை உள்ளுக்கு எடுத்து வச்சனீங்களே?"

முதல் வேண்டுதல் கேட்கப்பட்டது. ஆனாலும் மறுநாள் முதல், தொழிற்சாலையில் எலும்பு வெட்டும் கத்தியை ஒரு துவாயில் சுற்றி என் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மாதம், வேலை முடிந்து மதியம் திரும்பி வருகிறேன். முற்றத்தில் ஒரே கூச்சல். சைக்கிள் அறையில் ஒளித்து வைத்த சரக்கை எடுக்க வந்த அந்தப் புருவ வெட்டுக்காரனைச் சனம் பிடித்துவிட்டது. பிடித்தது மட்டுமில்லை. நாங்கள் உட்கார்ந்த அதே கதிரைகளால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காது கிழிந்து தொங்கியது. பாடகர் குழுவில் பாடுகிற நம்முடைய சூசை, கையில் கதிரைக் காலோடு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்கோ அண்ணை. உங்களுக்கெண்டுதான் மிச்சம் வச்சிருக்கிறம்."

சனம் விலகி வழி விட்டது. ரோசா கட்டுப்போட்ட கையோடு நின்று, "உன் மனைவியை நினை!" என்று கத்தினாள். நான் கத்தியை எடுத்தேன். நான் கேட்டபடியே அவன் என் காலடியில் கிடந்தான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

எனக்கு இருபது வயதில், ஊர்ச் சந்தியில் வைத்து ஆயுதக்காரர் என்னைத் துவக்குப் பிடியால் அடித்தார்கள். நான்கு பல் போனது. கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள், தெரிந்த முகங்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கடவுளே, ஆராவது ஒராள் போதும் எண்டு சொல்லட்டும்" என்று மனதுக்குள் கதறினேன். ஒருவரும் சொல்லவில்லை. மன்னார்ப் பெருமை எவ்வளவோ பேசுவேன். அந்தச் சந்தியை மட்டும் சொல்வதில்லை. முப்பத்தைந்து வருடம் கடவுளோடு எனக்கு இருந்த கோபம் அதுதான்.

"போதும்!"

என் வாயிலிருந்துதான் வந்தது. நான் யோசித்துச் சொன்னது இல்லை. யாரோ ஓங்கிய கதிரை என் தோளில் விழுந்தது. இன்னொருவன் என் முதுகில் உதைத்தான். கீழே கிடந்தவன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு "போதும், போதும்" என்று கத்தினேன். ஸ்பானிய மொழிக்காரருக்கும் அது விளங்கியது. அடி நின்றது. கத்தியால் துவாயைக் கிழித்து அவன் தலையைக் கட்டினேன். அம்புலன்ஸ் வந்தது. பொலிசும் வந்தது. கத்தி ஏன் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன்.

அவன் இப்போது சிறையில் இருக்கிறான். நான்தான் நீதிமன்றத்தில் அடையாளம் காட்டினேன். சூசை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ரோசா படிக்கட்டில் என்னைக் கண்டால் திரும்பிப் போய்விடுவாள். பிறகு ஒருநாள் கதவைத் தட்டி, "உன் ஊர் மீன் நல்லதாகக்கூட இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்டெல்லாவுக்கு இன்னும் இடது கை நடுங்கும். கறி வாசம் மூக்குக்குத் தெரியாது. நடந்ததை அவளிடம் சொன்னேன். "நீங்கள் அவனை வெட்டிப்போட்டு வந்திருந்தா நான் ஏன் கண் முழிச்சன் எண்டு இருந்திருக்கும்" என்றாள்.

நான் இருபது வயதில் கேட்டதைக் கடவுள் மறக்கவில்லை. போதும் என்று சொல்ல ஒராளைக் கடைசியில் அனுப்பினார். அந்த ஆள் நானாக இருப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவருக்கு நன்றி சொல்லி என்னால் முடிக்க முடியாது.

உங்கள் வேண்டுதலும் கேட்கப்படாமல் கிடக்கிறதென்றால் கைவிடாதீர்கள். நம்பியிருங்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் முற்றத்துக்கும் வாருங்கள். ஸ்டெல்லா கீழே இருப்பாள். கதிரை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள். எங்களுடையதில் ஏழு, அவனை அடித்த அன்றைக்கு உடைந்துபோயின.