அக்காவுக்கு எடுத்த இரண்டு புடவைகள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அக்காவின் மகள் செல்வி, "அம்மாவப் பத்தி நீதான் எழுதணும்" என்று தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் ஓர் ஆண்டு இருந்ததில்லை. என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனால் அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

அக்கா பிறந்தது கனகசெட்டிக்குளத்தில். அப்பாவுக்குக் கட்டுமரம். நான் நடை பழகும் முன்பே அம்மா இறந்துவிட்டார். அக்காதான் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறாக்கினார், மீன் காயப்போட்டார். அதனால் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. வயது வந்ததும் வீராம்பட்டினத்தில் மணம் முடித்துக் கொடுத்தார்கள். மாமா நல்ல மனிதர். நிறையப் பேசுவார், பீடி நிறையக் குடிப்பார். செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் விடியற்காலையில் வேறொருவர் படகில் கடலுக்குப் போனார். படகு திரும்பவில்லை. கூடப் போனவர்களும் வரவில்லை. கரையில் எதுவும் ஒதுங்கவுமில்லை.

கூடப் போனவர்களின் வீடுகளில் சில மாதம் பார்த்துவிட்டுக் காரியம் செய்தார்கள். அக்கா செய்யவில்லை. தாலியைக் கழற்றவில்லை. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரி டவுனுக்குப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த நம்மூர்ச் சொல்தாக்கள் வீட்டு வாசலில் நின்று, "போன்ழூர் மதாம், வஞ்சிரம் பாக்கறீங்களா?" என்று கூப்பிடுவார். அந்த ஒரு வணக்கத்தைத் தவிர அவருக்கு வேறு பிரெஞ்சு தெரியாது. செல்வியைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தது அந்தக் கூடையால்தான்.

மாமாவுக்கு ஓர் அக்கா உண்டு. நாங்கள் இருவரும் அவரை அண்ணி என்றே அழைப்போம். அக்காவின் பொட்டு அவருக்குப் பிடிக்கவில்லை.

"புருசன் எங்க கீறான்னே தெர்ல. பொட்டு மட்டும் முழு நிலா மாரி."

"தூரத்துலேர்ந்து வராரு இல்ல அண்ணி. கண்ணுக்குத் தெரியணுமே" என்பார் அக்கா, மீனை அரிந்துகொண்டே.

சுனாமிக்கு மறுவருடம், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு காரியம் செய்துவிடலாம் என்று தெருப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். "யாருக்கு வேணாலும் பண்ணுங்க. எங்கூட்டுக்காரருக்கு நான் சொல்லும்போது பண்ணலாம்" என்றார். அவர் சொல்லவே இல்லை.

நான் பல துறைமுகங்களில் வேலை செய்திருக்கிறேன். விசாகப்பட்டினத்தில் ஐஸ் உடைத்தேன், மங்களூரில் பெட்டி ஏற்றினேன், ரத்னகிரியில் ஓட்டலில் இருந்தேன். மாமாவைத் தேடிப் போனேன் என்று சொல்ல முடியாது. எப்படியும் போயிருப்பேன். ஆனால் போன இடத்தில் எல்லாம் கேட்டேன்: பாண்டிச்சேரிக்காரர், இடது கைக் கட்டைவிரலில் நகம் இருக்காது, ஓயாமல் பேசுவார். அக்காவுக்குப் போன் செய்தால், "அங்க என்னா மீனு படுது?" என்று மட்டும் கேட்பார். நான் மீன்களைச் சொல்லிவிட்டு, "வேற ஒண்ணும் இல்லக்கா" என்பேன். "செரி, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிடுவார்.

சர்க்கரை வியாதியில் காலில் வந்த புண் ஆறாமல், அக்கா கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் வந்து கூட இருந்தேன். ஒருநாள் முற்பகலில் மூச்சு நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. கட்டிலுக்குக் கீழே அவருடைய செருப்பு இருந்தது. அதை எடுத்துப் பையில் வைப்பதா, அங்கேயே விடுவதா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இறந்தவர் மேல் போடும் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கொண்டுவர வேண்டியவன் நான். உங்களுக்குத் தெரியும், கணவன் உயிரோடு இருக்கையில் இறப்பவளுக்குச் சிவப்பு; இல்லாதவளுக்கு வெள்ளை. நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனேன்.

"கோடிங்களா? செவப்பா, வெள்ளையா?"

"ரெண்டும் குடுங்க."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு சாவா?"

"இல்ல. ஒண்ணுதான்."

அவர் மேற்கொண்டு கேட்காமல் கட்டிக் கொடுத்தார். அங்கிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பையன் அக்காவின் படத்தை ஏற்றிவிட்டு, "வூட்டுக்காரர் பேருக்கு முன்னாடி தெய்வத்திரு போடட்டுமா, வெறும் திருவா?" என்று கேட்டான். இறந்தவர் என்றால் தெய்வத்திரு. நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். "அந்த வரியே வேணாம்ப்பா" என்றேன்.

போஸ்டர் தெருமுனையில் ஒட்டி முடிப்பதற்குள் அண்ணி பார்த்துவிட்டார். பந்தலுக்குள் எல்லோர் முன்னாலும் என் சட்டையைப் பிடித்தார்.

"எந்தம்பி பேரு எங்கடா?"

"இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியல அண்ணி."

"தெரியலன்னா? அவன் பொறக்கவே இல்லன்னு ஆக்கிடுவியா? இவ என்னா, தானா வந்து இந்தூட்ல குந்திக்கினாளா?"

என் கையில் இருந்த பையை அவரே பிடுங்கிப் பிரித்தார். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து வெளியே வந்தன. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "இத்தினி வருசமாச்சி, வெள்ளதான் மொற" என்றார்.

"மொறய நீ உன் வூட்ல வச்சிக்க" என்றார் அண்ணி. இரண்டு புடவைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு வெள்ளையை என் பக்கம் தள்ளினார். "இத நான் வாங்கி அவ மேல போட்டா, எந்தம்பி செத்துட்டான்னு நானே சொன்ன மாரி. அவளே சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்?"

அக்காவைக் குளிப்பாட்டிச் சிவப்புப் புடவை கட்டினார்கள். மஞ்சள் பூசிப் பூ வைத்தார்கள். யாரோ சின்னதாக ஒரு பொட்டு வைத்தார்கள். அண்ணி அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, குங்குமத்தை விரலில் குழைத்துத் தானே வைத்தார். "இத்தாம் பெருசு வச்சாத்தான் அவளுக்கு ஆவும்" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். நான் பந்தல் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பொட்டோடுதான் அக்கா போனார்.

அக்காவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியவை இருக்கலாம். கடன் கேட்டு வந்த எவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்று செல்வி எழுதச் சொன்னாள். அதுவும் உண்மைதான். அந்த வெள்ளைப் புடவை என் பையிலேயே இருக்கிறது. ரயிலில் படுக்கும்போது போர்த்திக்கொள்கிறேன். நல்ல துணி.

ஆஸ்பத்திரியில் அக்காவைத் தூக்கிப் படுக்கவைத்த ஆயாம்மாவுக்கும், வேலையை விட்டு வந்து நின்ற தெரு இளைஞர்களுக்கும், மார்க்கெட்டில் அன்று கூடையை இறக்காமல் நேராகச் சாவுக்கு வந்த மீன்காரப் பெண்களுக்கும், மாலை கொடுத்தனுப்பிய சொல்தா வீட்டு மதாமுக்கும், அண்ணிக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரின் முதல் பக்கத்தில் அக்காவின் பெயருக்குக் கீழே மாமாவின் பெயர் இருக்கிறது. முன்னால் திரு என்றுதான் போட்டிருக்கிறோம். அது அச்சுப்பிழை அல்ல. வெளியூர்க் கரைகளில் வேலை செய்யும் உறவினர்கள், இடது கைக் கட்டைவிரலில் நகம் இல்லாத ஒருவரைப் பார்த்தால் அவரிடம் அக்கா இறந்துவிட்டதைச் சொல்லுங்கள். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது.